காசு கொடுத்து வாங்கிய களை

“நம்ம வம்சத்துலயே காசு குடுத்துக் களை வாங்குன மொத ஆளு நீதான் தாயி.”

அப்பா இதைச் சொன்னது 2022 ஜூலையில். அந்த மாதம் 19ஆம் தேதி இங்கிலாந்தில் வெயில் முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டியிருந்தது. லிங்கன்ஷயரில் கானிங்ஸ்பி என்ற ஊரில் 40.3 என்று பதிவானது. நான் இருக்கும் நார்விச்சிலும் அனல்தான். குளிரை உள்ளே விடக்கூடாது என்று கட்டிய வீடு, ஒரு மின்விசிறி கிடையாது. அந்த வாரக் கடைசியில் ஊருக்கு வீடியோ கால் போட்டபோது, உள்ளே உட்கார முடியாமல் போனோடு பின்பக்கத் தோட்டத்துக்கு வந்தேன். தோட்டம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நம்மூரில் இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அளவு. புல் முழுக்க மஞ்சளாகிக் கருகிக் கிடந்தது. ஓரத்தில் நான் கிளறிப் போட்டிருந்த பாத்தி வெடிப்பு விட்டிருந்தது.

அப்பா வழக்கமாகப் போனில் இரண்டு கேள்விதான் கேட்பார். சாப்டியா, குளிரா. பிறகு அம்மாவிடம் கொடுத்துவிடுவார். அன்றைக்குக் கொடுக்கவில்லை.

“மண்ணு வெடிச்சிருக்கா அது? இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டு.”

காட்டினேன்.

“நம்ம ஊரு மாதிரியே இருக்கே. என்ன போட்டிருந்த?”

“பாப்பிப்பா. பூச்செடி. முளைக்கவே இல்ல.”

பாப்பி என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது. கோதுமை, பார்லி வயல்களில் தானாக முளைக்கும், சிவப்பாகப் பூக்கும், விவசாயிகள் மருந்தடித்து அழிப்பார்கள், மருந்து போய்ச் சேராத வயல் ஓரங்களில் மட்டும் மிஞ்சும் என்று எனக்குத் தெரிந்த வரையில் சொன்னேன். பாக்கெட் விதை என்ன விலை என்றார். இரண்டு பவுண்டு, நம்ம காசுக்கு 200 ரூபாய் பக்கம் என்றேன். அப்போதுதான் வம்சத்தை இழுத்தார். பின்னாலிருந்து அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது.

அம்மாவுக்கு வேறு கவலை. பாப்பி என்றால் கசகசாச் செடி, கசகசாச் செடி என்றால் அபின் என்று எங்கோ கேட்டிருக்கிறாள். நான் முதன்முதலாகக் கிளம்பியபோது, துபாய் வழியாகப் போகிறவள் கசகசாவை மட்டும் பெட்டியில் வைத்துவிடாதே, பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள் என்று பொட்டலத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தவள் அவள். “போலீசு வராதாடி?” என்றாள். கசகசா வேறு செடி, ஒன்றுவிட்ட உறவு மாதிரி. மத்தியப்பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப்பிரதேசத்தில் அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்தால்தான் பயிர் செய்யலாம். இது அது இல்லை, வெறும் களை என்றேன். வெறும் களைக்கா 200 ரூபாய் என்று பேச்சு மறுபடி அங்கேயே வந்து நின்றது.

ஏன் வாங்கினேன் என்று அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. நார்விச்சிலிருந்து கடற்கரை ஊரான குரோமருக்கு ஒரு சின்ன ரயில் போகிறது. வேலை கிடைத்த முதல் வருட ஜூன் மாதத்தில் அதில் போனேன். இரண்டு பக்கமும் பார்லி. வரப்போரமாகத் திடீரென்று சிவப்பு, அரை பர்லாங்குக்கு ஒரே சிவப்பு, பிறகு மறுபடி பார்லி. 1883இல் கிளமென்ட் ஸ்காட் என்ற லண்டன் பத்திரிகையாளர் இந்தக் கடற்கரைப் பக்கம் வந்து மயங்கி, இதற்குப் பாப்பிலாண்ட் என்றே பெயர் வைத்து எழுதினாராம். எனக்கு மயக்கம் ஒன்றும் வரவில்லை. அந்த வரப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவுதான். வயலைப் பார்த்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

எங்களுக்கு அருப்புக்கோட்டைப் பக்கம் 3.5 ஏக்கர் கரிசல் இருந்தது. மானாவாரி. பருத்தி, மல்லி, குதிரைவாலி, மழை எப்படியோ அப்படி. 2016இல் அதை விற்று அப்பா என்னை இங்கே முதுகலை படிக்க அனுப்பினார். படிப்புக்கும் செலவுக்குமாக 18 லட்சம் ஆனது. நிலம் போன விலையும் கிட்டத்தட்ட அதுதான். ரோட்டை ஒட்டிய நிலம் என்பதால் வாங்கியவர்கள் பிளாட் போட்டு வெள்ளைக் கல் ஊன்றினார்கள். அப்பா ஒரு நூல் மில்லில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தார். மில் பஸ் அந்த வழியாகத்தான் போகும். அந்த இடம் வரும்போது அவர் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார் என்று அம்மா ஒருமுறை சொன்னாள். நான் கூகுள் மேப்பில் பார்ப்பேன். கட்டம் கட்டமாகத் தெரியும்.

நிலத்தில் அப்பாவோடு நின்றவன் தம்பி. நான் புத்தகத்தோடு திண்ணையில் இருந்தவள். அவனுக்கு அப்போது டிப்ளமோ கடைசி வருடம். அதை முடித்து நேராக இரண்டாம் வருட பி.இ. சேர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நிலம் போன பிறகு அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை. திருப்பூருக்குப் போனான், இப்போதும் அங்கேதான், ஒரு பனியன் கம்பெனியில். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பேசுவோம். “நல்லாருக்கியாக்கா”, “நல்லாருக்கேன்டா”. சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம்.

இனி நான் பாப்பியைக் கொன்ற கதை.

2021 மார்ச்சில் முதல் தடவை. ஜன்னலோரத்தில் டிரே வைத்து, கடையில் வாங்கிய மண்ணை நிரப்பி, விரலால் குழி போட்டு விதைத்தேன். அதன் விதை அவ்வளவு சிறியது, ஒரு கிராமில் ஏறக்குறைய 10,000 இருக்கும். அதைப் போய் விரல்கணு ஆழத்தில் புதைத்தேன். பாதிக்கு மேல் வெளியே வரவே இல்லை. வந்த பத்துப் பதினைந்தை ஏப்ரல் கடைசியில் பிடுங்கிப் பாத்தியில் நட்டேன். ஒரு வாரத்தில் எல்லாம் தலை சாய்ந்தது. 2022இல் நேரடியாகப் பாத்தியிலேயே போட்டேன், மேலே ஒரு விரல்கடை மண் போட்டுப் பத்திரமாக மூடினேன். முளைத்த நாலைந்தையும் ஓடில்லாத நத்தைகள் ஒரே ராத்திரியில் மேய்ந்துவிட்டன. அப்புறம் வெயில்.

இதையெல்லாம் அன்றைக்கு அப்பாவிடம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் அவ்வளவு நேரம் போனைப் பிடித்திருந்து நான் பார்த்ததில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். வேர் எப்படி இருந்தது, சல்லி வேரா ஆணிவேரா? ஆணிவேர் என்றேன்.

“ஆணிவேர்ச் செடியப் பிடுங்கி நட்டா எப்படிப் பொழைக்கும்? பருத்திய யாராச்சும் நாத்துப் பாவிப் பிடுங்கி நட்டுப் பாத்திருக்கியா நீ?”

நான் பார்த்ததில்லை. எதையுமே பார்த்ததில்லை என்பதுதான் உண்மை.

“விதை எந்தச் சைசு?”

“கீரை விதையவிடச் சின்னதுப்பா.”

“கீரைக்கு மண்ணப் போட்டா மூடுவாங்க? மணல்ல கலந்து தூவிட்டு வெளக்குமாத்தால லேசா ஒரு இழுப்பு. அம்புட்டுத்தான். வெளிச்சம் படணும் அதுக்கு.”

பாக்கெட்டின் பின்பக்கத்திலும் இதுதான் போட்டிருந்தது. விதை முளைக்க வெளிச்சம் வேண்டும், மூட வேண்டாம், இடம் மாற்ற வேண்டாம். இரண்டு வருடமும் நான் அதைப் படித்திருந்தேன். படித்துவிட்டு, புதைத்தால்தானே முளைக்கும் என்று என் புத்திக்குத் தோன்றியதைச் செய்திருக்கிறேன்.

எப்போது விதைப்பது என்பதற்கும் அவரே வழி சொன்னார். அந்த ஊர் வயலில் அது தானாக எப்போது விழுகிறதோ அப்போது போடு என்றார். இங்கே பாப்பி ஜூலை, ஆகஸ்டில் காய் முற்றி விதை உதிர்க்கும். செப்டம்பர் மழைக்குக் கொஞ்சம் முளைத்துக் குளிர்காலம் முழுக்கத் தரையோடு தரையாக இலை விரித்து உட்கார்ந்திருக்கும். வசந்தத்தில் எழும். இதைச் சொன்னதும் அப்பாவுக்குப் பிடிபட்டுவிட்டது.

“நம்ம புழுதி விதைப்பு மாதிரித்தான். மழைக்கு முன்னாடியே காஞ்ச மண்ணுல போட்டுட்டுக் காத்துக் கெடக்கிறது. மழை ஏமாத்துனா போச்சு. அங்க மழைக்கு என்ன கொறச்சல்?”

அதற்குப் பிறகு, நான் கேட்காமலேயே, ஒன்று சொன்னார்.

“அந்தப் பிளாட்டுல இப்பவும் ஐப்பசி மழைக்குக் குதிரைவாலி முளைக்கிது. கல்லு கல்லா நிக்கிற எடத்துல, நடுவ நடுவ. யாரும் விதைக்கல. உதிர்ந்தது முளைச்சு, அது உதிர்ந்து மறுபடி முளைக்கிது.”

எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்க்கிறவருக்கு இது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பரில் குழந்தைகள் விளையாடும் மணல் ஒரு மூட்டை வாங்கினேன். “காஞ்ச மணலா? கையில அள்ளி ஊது, பறக்கணும்” என்றார் அப்பா. அடுப்பு ட்ரேயில் பரப்பி உலர்த்தினேன். பாத்தியில் புல்லை வேரோடு எடுத்து, மண்ணைக் கிளறி, கட்டி உடைத்து, விதையையும் மணலையும் கலந்து வீசினேன். போனை வேலியில் சாய்த்து வைத்திருந்தேன். வீசுகிற கை சரியில்லை என்றார் அப்பா. விரலிடுக்கில் விட வேண்டும், கை இடுப்புயரத்தில் வர வேண்டும், ஒரே பக்கமாகப் போய் வந்து பிறகு குறுக்கே போக வேண்டும். கருப்பு மண்ணில் மணல் விழுந்த இடம் வெளுப்பாகத் தெரியும், எங்கே விழவில்லை என்று பார்த்துக்கொள்ளலாம். அதற்கும் சேர்த்துத்தான் மணல் என்பது அப்போதுதான் புரிந்தது. அவர் போனுக்கு அந்தப் பக்கம் நின்று வெறும் கையை வீசிக் காட்டினார். லுங்கியும் மில் சட்டையுமாக, எங்கள் வீட்டு முற்றத்தில்.

மூன்று வாரத்தில் பாசி படிந்ததுபோல ஒரு பச்சை. நவம்பரில் ரம்பம் மாதிரிப் பல் வைத்த சின்ன இலைகள்.

நவம்பரில் இங்கே எல்லார் சட்டையிலும் சிவப்புக் காகிதப் பாப்பி இருக்கும். முதல் உலகப்போரில் இறந்தவர்களுக்காக, 1921இலிருந்து அதை விற்கிறார்கள். அந்தப் போரில் பெல்ஜியத்திலும் பிரான்சிலும் குண்டு விழுந்து புரண்ட மண்ணிலும், புதிதாகத் தோண்டிய கல்லறைகளைச் சுற்றியும் பாப்பி பூத்துக் கிடந்தது. 1915இல் ஈப்ர் நகருக்குப் பக்கத்தில் இருந்த ஜான் மக்ரே என்ற கனடா நாட்டு ராணுவ மருத்துவர் அதைப் பார்த்து எழுதிய கவிதையிலிருந்துதான் இந்தப் பழக்கம் வளர்ந்தது. இறந்தவர்களின் ரத்தம் பூவாக வந்தது என்று சொல்வார்கள். நடந்தது எளிமையானது. பாப்பி விதை மண்ணுக்கடியில் பல பத்தாண்டுகள் உறங்கும். மண் புரண்டு வெளிச்சம் பட்டால் எழும். கலப்பை செய்கிற வேலையைக் குண்டு செய்தது.

அப்பாவுக்கு இதைச் சொன்னபோது அவர் பெரிதாக வியக்கவில்லை. “கோடை உழவு போட்டுட்டு மழை பேஞ்சா என்ன நடக்கும்? உள்ள கெடந்த களை பூராம் ஒண்ணா வரும். வந்ததும் திருப்பி ஒரு உழவு, எல்லாம் மடியும். அதுக்குத்தான் உழுறது.” கொஞ்சம் பொறுத்து, “அந்தச் சண்டையில நம்ம ஆளுங்க செத்தாங்களா?” என்றார். ஈப்ரிலிருக்கும் மெனின் வாயிலில் உடல் கிடைக்காதவர்களின் பெயர்களில் இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் இருக்கின்றன என்றேன். “ம்” என்றார்.

இப்படியாக அந்தக் குளிர்காலம் முழுக்க எங்களுக்குப் பேச விஷயம் இருந்தது. பனி விழுந்த அன்று செடி கருகிவிடும் என்று நான் பயந்தபோது, “தரையோட படுத்திருக்கிறதுக்கு ஒண்ணும் ஆகாது” என்றார். ஆகவில்லை.

மார்ச் வந்தது. பயிர் கலைக்க வேண்டும்.

நெருக்கமாக முளைத்ததில் வேண்டியதை விட்டு மற்றதைப் பிடுங்குவதைத்தான் எங்கள் பக்கம் கலைக்கிறது என்பார்கள். பாப்பிக்கு ஒரு சாண் இடைவெளி வேண்டும். என் பாத்தியில் ஒரு சாணுக்குள் இருபது செடி நின்றது. நான் கையை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். இரண்டு வருடம் முளைக்காமல் அழவைத்தவை. அப்பா போனில் இருந்தார்.

“எத விடணும், எதப் பிடுங்கணும்னு எப்படிப்பா தெரியும்?”

“தெளிச்சியா, வாட்டமா இருக்கிறத விடு. நோஞ்சானப் பிடுங்கு.”

“ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா?”

“ஏதாவது ஒண்ணப் பிடுங்கு.”

“ரெண்டும் நல்லாருந்தா?”

“நல்லாருந்தாலும்தான். பாவம் பாத்து ரெண்டையும் விட்டா ரெண்டும் தேறாது.”

சொல்லி முடித்ததும் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும், தான் சொன்னது. எனக்கும் கேட்டது. அங்கே குக்கர் விசில் அடித்தது. அம்மா அதை இறக்கவில்லை. இரண்டாவது விசிலும் அடித்தது.

“தம்பியும் நல்லாத்தான் படிச்சான்பா” என்றேன்.

“நான் செடியப் பத்திச் சொல்றேன் தாயி.”

“சரிப்பா.”

அதன் பிறகு ஒரு மணி நேரம் பிடுங்கினேன். அவர் போனை வைக்கவில்லை, பேசவும் இல்லை. பிடுங்கியது ஒரு வாளி நிறைய வந்தது. தென்கிழக்கு மூலையில், வேலிக்கடியில், இரண்டு செடிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. நடுவில் ஒரு விரல்கூட நுழையாது. அவற்றை மட்டும் விட்டேன். கேமராவை அந்தப் பக்கம் திருப்பவில்லை.

அந்த நாட்களில் வில்லியம் வில்க்ஸ் என்பவரைப் பற்றி வாசித்தேன். லண்டனுக்குத் தெற்கே ஷர்லி என்ற ஊரில் பாதிரியாராக இருந்தவர். 1880இல் அவருடைய தோட்டத்து மூலையில், வயலை ஒட்டிய தரிசில், சாதாரணச் சிவப்புப் பாப்பிகளுக்கு நடுவே ஒரே ஒரு பூவில் மட்டும் இதழ் விளிம்பில் வெள்ளைக் கோடு இருப்பதைப் பார்த்தார். அதை அடையாளம் வைத்து விதை எடுத்து, மறுவருடம் விதைத்து, அதில் நல்லதை மட்டும் வைத்துக்கொண்டு, வருடக்கணக்கில் இப்படியே போய் வெள்ளை, இளஞ்சிவப்பு என்று புதிய வகைகளை உண்டாக்கினார். ஷர்லி பாப்பி என்று இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. எல்லாரும் அந்த ஒரு பூவைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். நான் மற்றதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வருடமும் நன்றாகவே பூத்து, வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவற்றை.

ஜூன் முதல் வாரம் பூத்தது. மொட்டு ரோமத்தோடு தலை குனிந்து தொங்கும். பூக்கிற அன்றைக்குக் காம்பு நிமிரும். இரண்டு பச்சைத் தோல்கள் பிரிந்து விழும். உள்ளிருந்து கசங்கிய சிவப்பு வெளியே வரும், தீப்பெட்டிக்குள் மடித்து வைத்த சேலை மாதிரி. வெயில் ஏற ஏற மடிப்பு நீங்கும். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். இதழ் கொட்டிவிடும். மறுநாள் வேறு மொட்டுகள். ஒரு சாண் இடைவெளியில் நின்ற செடிகள் இடுப்பளவு வந்தன. ஒவ்வொன்றிலும் இருபது முப்பது மொட்டு.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அம்மா, பக்கத்து வீட்டுச் சித்தி எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். “களைன்னாலும் லட்சணமாத்தான் இருக்கு” என்றார் அப்பா. நான் நடந்துகொண்டே காட்டியதில் மூலை கவனத்திலிருந்து விட்டுப்போனது.

“அந்த ஓரத்துல என்ன? கலைக்காம விட்டியா?”

“ஆமாப்பா.”

“காட்டு.”

குனிந்து காட்டினேன். இரண்டும் ஒரு முழ உயரம்தான் வந்திருந்தன. காம்பு ஒல்லி. ஒன்றில் இரண்டு பூ, மற்றதில் ஒன்றும் ஒரு மொட்டும்.

“ரெண்டும் பூத்திருக்குப்பா. சின்னதா.”

அப்பா வெகுநேரம் பார்த்தார். போன் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். பின்னால் கோழி ஒன்று நகர்ந்ததால் இல்லை என்று தெரிந்தது.

“அங்க பனிக்காலம் பூராம் மண்ணுல ஈரம் நிக்கிது” என்றார். “ஈரம் இருந்தா ரெண்டும் வரும் தாயி. நம்மகிட்ட ஈரம் இல்ல.”

பிறகு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டார்.

அன்று இரவு அந்த மூலைச் செடிகளின் படத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். கூட என்ன எழுதுவது என்று தெரியாமல் எதுவும் எழுதவில்லை. பார்த்துவிட்டான் என்று நீலக் குறி காட்டியது. பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து, அங்கே நைட் ஷிப்ட் முடிகிற நேரத்தில், ஒரு வரி வந்தது.

“நம்ம கரிசல்ல வருமாக்கா?”

வராது. இதற்குக் குளிர் வேண்டும். விதையை அனுப்பவும் சட்டம் விடாது. கரிசலும் இப்போது நம்முடையது இல்லை. மூன்றையும் எழுதி, மூன்றையும் அழித்தேன். “வருமான்னு தெரியலடா, நீதான் சொல்லணும்” என்று அனுப்பினேன்.

ஆகஸ்டில் காய்கள் காய்ந்தன. மூடிக்கு அடியில் சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டை. காற்றில் ஆடினால் மிளகுப்பொடி டப்பா மாதிரி விதை கொட்டும். பெரிய செடிகளின் விதை தானாக விழட்டும் என்று விட்டுவிட்டேன். மூலையில் நின்ற இரண்டின் காய்களை மட்டும் பறித்துத் தனித்தனிக் கவரில் போட்டேன். செப்டம்பரில் விதைக்க வேண்டும். தம்பியிடம் போனைப் போட்டு வேலியில் சாய்த்து வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். வீசுகிற கை அவனுக்கும் தெரியும்.